விவாகரத்துக்குப் பிறகு வீட்டுக் கணக்கு: சென்னையில் எதை முதலில் எழுதுவது, எதைப் பிறகு எழுதுவது

தீர்ப்பு கைக்கு வந்த வாரத்தில் பலரும் செய்வது இதுதான்: பழைய மாதச் செலவை எடுத்து, வீட்டில் ஒருவர் குறைந்துவிட்டார் என்று பாதியாக்கிக்கொள்வது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் மாதமே இருபதாம் தேதி கையில் காசில்லை. வாடகை பாதியாவதில்லை, இன்டர்நெட் பாதியாவதில்லை, பள்ளிக் கட்டணம் ஒரு ரூபாய்கூடக் குறைவதில்லை. குறைவது அரிசியும் சோப்பும்தான்.

அதன் பிறகு தோழிகள், கூட வேலை பார்ப்பவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறேன். பெரும்பாலும் தொகையில் தவறு வருவதில்லை, வரிசையில்தான் வருகிறது. வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு அப்புறம் கணக்குப் போடுகிறார்கள். ஜீவனாம்சம் வருவதற்கு முன்பே அதைச் செலவில் சேர்த்துவிடுகிறார்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். குழந்தையோடு இருக்கும் ஒரு தாயை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். பணம் கொடுக்கும் தரப்புக்கு ஒரு பகுதி பின்னால் இருக்கிறது.

## 1. முதலில் காகிதங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுதாக இதற்கு ஒதுக்குங்கள். தேவையானவை: கடைசி 12 மாத வங்கி ஸ்டேட்மென்ட் (இருவர் பெயரிலும் உள்ள கணக்குக்கும் சேர்த்து), பள்ளிக் கட்டண ரசீதுகள், இன்சூரன்ஸ் பாலிசிகள், கடன் பத்திரங்கள், ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம், தீர்ப்பின் சான்றிட்ட நகல் இரண்டு மூன்று.

ஏன் 12 மாதம்? மூன்று மாதம் மட்டும் பார்த்தால் வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவுகள் கண்ணில் படாது. கூட்டுக் கணக்கை மூடுவதற்கு முன்பே ஸ்டேட்மென்ட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூடிய பிறகு கேட்டால் அலைச்சல்தான்.

இந்தத் தாள்களில் நீங்கள் தேட வேண்டியது, இத்தனை நாள் மற்றவர் கட்டியதால் உங்களுக்குத் தெரியாமலே போன செலவுகள். என் பழைய ஸ்டேட்மென்ட்டில் ஒவ்வொரு நவம்பரிலும் இரண்டாயிரத்துச் சொச்சம் போயிருந்தது. என்னவென்று தெரியாமல் பத்து நிமிடம் முழித்தேன். நான் ஓட்டும் ஸ்கூட்டியின் இன்சூரன்ஸ் அது. ஏழு வருடம் ஓட்டியிருக்கிறேன், ஒரு தடவைகூட நான் கட்டியதில்லை.

வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தாலும் இந்த வேலையை இப்போதே செய்யலாம். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். அதில் எழுதும் மாதச் செலவுக்கு ரசீது இருந்தால்தான் குறுக்கு விசாரணையில் நிற்கும். வக்கீல் செலவுக்கு வழியில்லை என்றால், சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1987-இன் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

## 2. பழைய முடிச்சுகளை அவிழ்ப்பது

புதுக் கணக்கு எழுதும் முன் இதை முடித்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் எழுதும் கணக்கிலிருந்து உங்களுக்குத் தெரியாமலே பணம் ஒழுகும்.

உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும் தவணைகள், யூபிஐ ஆட்டோபே, உங்கள் கிரெடிட் கார்டில் மற்றவருக்கு வாங்கிக் கொடுத்த கூடுதல் கார்டு இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து நிறுத்துங்கள். விவாகரத்தாகி ஐந்து மாதம் ஆன பிறகும் மாமனார் வீட்டு இன்டர்நெட் பில்லைத் தன் கார்டிலிருந்து கட்டிக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

வீட்டுக் கடனில்தான் கவனம் அதிகம் வேண்டும். "கடனை அவர் கட்டுவார்" என்று சமரச ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அந்த ஒப்பந்தம் உங்கள் இருவருக்கும் நடுவில்தான். அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. கடனில் உங்கள் பெயர் இருக்கும்வரை அவர் ஒரு தவணை விட்டாலும் உங்கள் சிபில் மதிப்பெண் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று வங்கிகள் பார்க்கும் எண்) அடிபடும். உங்கள் பெயரை நீக்கி வங்கி எழுத்தில் கொடுக்கும்வரை அந்தக் கடன் உங்கள் கணக்கிலும் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

நாமினி விவாகரத்தால் தானாக மாறாது. வங்கி, பிஎஃப், எல்ஐசி என்று எல்லா இடத்திலும் நீங்களே மாற்ற வேண்டும். குழந்தை மைனராக இருந்து, அதன் பெயரை நாமினியாகப் போட்டால், பணத்தைப் பெற்று வைத்திருக்க ஒரு பெரியவர் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். உங்கள் அம்மாவோ அண்ணனோ இருக்கலாம். இந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர்.

ரேஷன் கார்டில் பழைய அட்டையிலிருந்து பெயரை நீக்கினால்தான் புது அட்டைக்கு விண்ணப்பிக்க முடியும். பொது விநியோகத் துறையின் இணையதளத்திலேயே செய்யலாம். அரிசி வாங்காதவர்களுக்கும் இது முக்கியம், ஏனென்றால் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடு, 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை போன்றவற்றுக்கெல்லாம் ரேஷன் கார்டைத்தான் கேட்கிறார்கள்.

## 3. வருமானத்தை இரண்டு பக்கமாக எழுதுவது

இதுதான் மொத்தக் கணக்கின் அச்சாணி. ஒரு நோட்டை எடுங்கள். இடது பக்கம் "நிச்சயம்" என்று எழுதி, கைக்கு வரும் சம்பளம், வாடகை வருமானம் இருந்தால் அது, இவற்றை மட்டும் போடுங்கள். வலது பக்கம் "வந்தால்" என்று எழுதி அங்கே ஜீவனாம்சத்தையும் போனஸையும் போடுங்கள். வாடகை, சாப்பாடு, பள்ளி, கரண்ட் நான்கும் இடது பக்கத்துக்குள் அடங்க வேண்டும்.

"கோர்ட்டே உத்தரவு போட்டிருக்கிறதே" என்று கேட்பார்கள். உத்தரவு இருக்கும், பணம் ஐந்தாம் தேதி வராது. வராதபோது நிறைவேற்று மனு போட வேண்டும், வாய்தா வாங்க வேண்டும். அதெல்லாம் நடந்து பணம் வரும்வரை ஹவுஸ் ஓனர் காத்திருக்க மாட்டார். வேலைக்குப் போகாதவர்களுக்கு இடது பக்கம் காலியாகத்தான் இருக்கும். அவர்கள் வீடு எடுக்கும் முடிவைத் தள்ளிப்போட்டு, பிறந்த வீட்டில் இருக்க முடியுமானால் இருந்துகொண்டு, முதலில் ஒரு வேலையைத் தேடுவதுதான் பாதுகாப்பு. சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ஜீவனாம்சத்துக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். அதில் வேறு எந்தப் பணமும் போக வேண்டாம். எந்த மாதம் வந்தது, எந்த மாதம் வரவில்லை என்பதற்கு அந்தப் பாஸ்புக்கே சாட்சி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவில் (முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125) ஜீவனாம்சம் பெறுபவர்கள், பாக்கியை வசூலிக்க அது நிலுவையான நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும். "கொடுத்துவிடுவார்" என்று காத்திருந்து அந்த ஒரு வருடத்தைக் கடக்க விட்டுவிடாதீர்கள். ரொக்கமாக வாங்கவும் வேண்டாம்.

வரியையும் நினைவில் வையுங்கள். மாதாமாதம் வரும் ஜீவனாம்சம் பொதுவாக வருமானமாகக் கருதப்படும். மொத்தமாக ஒரே தடவை வரும் தொகை அப்படிக் கருதப்படுவதில்லை. எந்த வகை என்று ஒப்புக்கொள்வதற்கு முன் ஓர் ஆடிட்டரிடம் அரை மணி நேரம் பேசிவிடுங்கள்.

## 4. வீடு: குடியேறும் செலவு தனி, மாத வாடகை தனி

இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் இரண்டுமே தப்பாகும்.

13,000 ரூபாய் வாடகையில் வில்லிவாக்கத்தில் ஒரு படுக்கையறை வீடு என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மாத அட்வான்ஸ் 65,000, முதல் மாத வாடகை 13,000, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 13,000, சாமான் ஏற்றி இறக்க 5,000. ஆக 96,000. இதற்கு மேல் அடுப்பு, கேஸ் இணைப்பு, மிக்ஸி, மெத்தை, ஃபேன், பக்கெட் முதல் துடைப்பம் வரை. ஒரு லட்சத்து இருபதாயிரம் இல்லாமல் சாவி வாங்காதீர்கள். இதைக் கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டு, ஒரு வருடம் வட்டி கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரிக்கும்போதே பழைய வீட்டிலிருந்து ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் யாருக்கு என்று எழுதி வாங்குங்கள். பழைய வீட்டு அட்வான்ஸ் யார் பணம் என்பதையும் அதிலேயே எழுத வேண்டும்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. நடைமுறையில் ஐந்தும் பத்தும் கேட்கிறார்கள். பேசிக் குறைக்கலாம். காலி செய்யும்போது பெயிண்ட் என்று ஒரு மாத வாடகையைக் கழிப்பார்களா என்பதையும் முன்பே கேட்டு ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம், கரண்ட். வீட்டுக்குத் தனி இபி மீட்டர் இருக்கிறதா? இருந்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்குக் கிடைக்கும். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் வசூலித்தால் அது கிடைக்காது. தனி மீட்டர் இருந்தாலும் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறி பில் எகிறும். மே மாத ஏசிக்கு இது நினைவிருக்கட்டும். மெட்ரோ வாட்டர் வருகிறதா, கோடையில் லாரித் தண்ணீருக்குப் பணம் பிரிப்பார்களா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

வாடகையை மட்டும் ஒப்பிடாதீர்கள். வாடகை, பள்ளி வேன், மாலையில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவு, நீங்கள் வேலைக்குப் போய்வரும் செலவு, இந்த நான்கையும் கூட்டி ஒப்பிடுங்கள். அம்மா வீட்டுக்கு நடந்து போகும் தூரத்தில் 2,000 ரூபாய் கூடுதல் வாடகை கொடுத்தாலும், மாலைப் பராமரிப்புக்குக் கொடுக்கும் 2,500 மிச்சமாகலாம். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அந்த வண்டி ஓடும் தடத்தில் வீடு கிடைத்தால் போக்குவரத்துச் செலவு பாதிக்குக் கீழே இறங்கும்.

வீடு தேடும்போது "சார் எங்கே வேலை பார்க்கிறார்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து, யாரும் யாரையும் கேட்காத பெரிய அப்பார்ட்மென்ட்டுக்கு மாதம் 4,000 கூடுதலாகக் கொடுத்துப் போனவர்கள் உண்டு. "நானும் பையனும்தான், நான் வேலைக்குப் போகிறேன், வாடகை முதல் தேதியே வந்துவிடும்" என்று நேராகச் சொல்லுங்கள். பெரியவர் ஒருவரைக் கூட அழைத்துப் போனால் பேச்சு எளிதாக முடியும். மறுப்பவர்கள் மறுக்கட்டும், அந்த வீட்டில் நீங்கள் நிம்மதியாக இருந்திருக்கவும் முடியாது.

## 5. மாதச் செலவை எழுதுவது

இப்போதுதான் மாதக் கணக்கு. கைக்கு 38,000 சம்பளம், ஒன்பது வயதுப் பையன், 12,000 ஜீவனாம்ச உத்தரவு. இந்தத் தாய் எழுதக்கூடிய பக்கம் இப்படி இருக்கும்:

வாடகை 13,000
அப்பார்ட்மென்ட் பராமரிப்பு 1,000
கரண்ட் 600
கேன் தண்ணீர், மெட்ரோ வாட்டர் 500
கேஸ் 500
போன், இன்டர்நெட் 900
மளிகை 5,000
பால், காய்கறி, முட்டை 4,500
பள்ளிக் கட்டணம் (மாதப் பங்கு) 4,000
வேன் 1,500
மாலைப் பராமரிப்பு 2,500
வேலைக்குப் போய்வர 1,500
மருத்துவக் காப்பீடு (மாதப் பங்கு) 1,500
மருந்து 500

கூட்டினால் 37,500. மிச்சம் 500. பார்க்கவே மூச்சு முட்டும், ஆனால் நிற்கும் கணக்கு இது. இதே தாய் ஜீவனாம்சத்தையும் சேர்த்து "என் வருமானம் 50,000" என்று 18,000 வாடகையில் வீடு எடுத்திருந்தால், பணம் வராத ஒவ்வொரு மாதமும் 4,500 துண்டு விழும். மூன்று மாதம் விழுந்தால் வளையல் அடகுக் கடைக்குப் போகும்.

மளிகையையும் காய்கறியையும் ஊகமாக எழுதுவதுதான் இங்கே வழக்கமான தவறு. முதல் மாதம் ஒவ்வொரு செலவையும் அன்றன்றைக்கே எழுதுங்கள், பூ வாங்கிய இருபது ரூபாய் உட்பட. ஸ்விகி, ஸொமாட்டோ செலவை மளிகையோடு சேர்க்காமல் தனி வரியில் போடுங்கள். தனியாக இருக்கும் முதல் சில மாதங்களில் ஒருவருக்காகச் சமைக்கவே கை வராது, அந்த வரி ஏறத்தான் செய்யும். அதற்காக உங்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். ஒரு தொகையை ஒதுக்கி, அதற்குள் நிறுத்தப் பாருங்கள்.

## 6. வருடச் செலவுகளைப் பன்னிரண்டால் வகுப்பது

ஜூனில் சீருடை, புத்தகம். பிறகு தீபாவளி, பொங்கல், பிறந்தநாள், வண்டி இன்சூரன்ஸ், வாடகை ஒப்பந்தப் புதுப்பிப்பு. எல்லாவற்றையும் கூட்டி 12-ஆல் வகுத்து, அந்தத் தொகையை ஆர்டியில் (மாதாமாதம் கட்டும் வங்கி டெபாசிட்) போடுங்கள். முதல் வருடம் இது ஜீவனாம்சக் கணக்கிலிருந்து போகலாம். பணம் வராத மாதம் ஆர்டி நின்றால் தீபாவளித் துணி சின்னதாகும், அவ்வளவுதான், வாடகை நிற்காது.

மொய்யை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். உங்கள் கல்யாணத்துக்கு வந்த மொய் நோட்டை எடுத்து, உங்கள் பக்கத்து உறவுகள் எழுதியதை மட்டும் பிரியுங்கள். திருப்பிச் செய்ய வேண்டியது அதுதான். அவர் பக்கத்து மொய் அவர் பொறுப்பு. இதைத் தெளிவாக வைத்துக்கொள்ளாமல், பழைய உறவு கெடக்கூடாதே என்று இரண்டு பக்கத்துக்கும் எழுதி வைகாசி, ஆவணி மாதங்களில் திணறியவர்கள் உண்டு.

## 7. மருத்துவக் காப்பீடு

கணவரின் கம்பெனி வழி குழுக் காப்பீட்டில் நீங்கள் இருந்திருந்தால், விவாகரத்தோடு அது முடியும். புது பாலிசியில் முதல் 30 நாள் விபத்து தவிர வேறெதற்கும் பணம் கிடைக்காது, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். அதனால் பழையது முடிவதற்குள் புதியதை எடுத்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை.

குழந்தை அப்பாவின் கம்பெனிக் காப்பீட்டில் தொடரலாம், விவாகரத்து அதை மாற்றாது. அந்தக் கார்டு நகலும் பாலிசி எண்ணும் உங்கள் கையில் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். இரவு இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்று அவருக்குப் போன் போடும் நிலை வரக் கூடாது. ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருப்பவர்கள் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

## 8. மொத்தத் தொகையும் நகையும்

மொத்தமாகப் பணம் வந்தால் மூன்று மாதத்துக்கு எதுவும் செய்யாமல் வங்கி டெபாசிட்டில் வையுங்கள். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு, அதற்கு மேல் இருந்தால் இரண்டு மூன்று வங்கிகளில் பிரியுங்கள். பணம் வந்த செய்தி எப்படியோ பரவும். தம்பி தொழிலுக்குக் கேட்பார், தெரிந்தவர் சீட்டில் போடச் சொல்வார். "டெபாசிட்டில் போட்டுவிட்டேன், இப்போது எடுக்க முடியாது" என்ற பதில் கையில் தயாராக இருக்கட்டும். சீட்டுதான் வேண்டும் என்றால், 1982-ஆம் வருடச் சீட்டு நிதிச் சட்டத்தின்படி பதிவானதா என்று பார்த்துச் சேருங்கள்.

உங்கள் கல்யாண நகையும் சீரும் உங்களுடையவை. 1985-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. எடை, வடிவம், பில், கல்யாண போட்டோ என்று ஒரு பட்டியல் தயாரியுங்கள். லாக்கர் இருவர் பெயரில் இருந்தால் தீர்ப்புக்கு முன்பே அதைப் பேசி முடியுங்கள். நகையை வருமானமாக எழுதாதீர்கள், மாதச் செலவுக்கு அடகு வைக்கத் தொடங்கினால் மீட்பது கடினம்.

## 9. பணம் கொடுப்பவர் நீங்கள் என்றால்

சம்பளம் வரும் நாளுக்கு மறுநாள் தானாகப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்து, குறிப்பில் மாதத்தையும் "ஜீவனாம்சம்" என்பதையும் எழுதுங்கள். ரொக்கமாகக் கொடுத்தது கோர்ட்டில் கொடுக்காததாகவே ஆகிவிடும். குழந்தைக்கு வாங்கிய சைக்கிளை மாதத் தொகையில் கழிக்காதீர்கள், உத்தரவு பணத்துக்குத்தான். கொடுக்கும் தொகைக்கு வருமான வரியில் கழிவும் கிடையாது. அதனால் உங்கள் "நிச்சயம்" பக்கத்தில் சம்பளத்திலிருந்து இதைக் கழித்த பிறகு மிஞ்சுவதை மட்டும் எழுதி, வாடகையை அதற்குள் பாருங்கள்.

## 10. மூன்றாம் மாத முடிவில்

நோட்டில் எழுதிய தொகையையும் உண்மையில் போன தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று வரிகள் மட்டும்தான் பெரிதாக விலகியிருக்கும். அவற்றைத் திருத்தினால் போதும், முழுக் கணக்கையும் கிழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டாம். ஜீவனாம்சக் கணக்கில் சேர்ந்த பணம் மூன்று மாத வாடகையைத் தொட்ட பிறகுதான் அதிலிருந்து ஆர்டியைத் தவிர வேறு எதற்கும் எடுக்கலாம்.

ரசீதுகளை மாதம் வாரியாக ஒரு கவரில் போட்டு வைத்துக்கொண்டே வாருங்கள். நிலைமை மாறினால் ஜீவனாம்சத் தொகையை மாற்றக் கேட்க, முன்பு சொன்ன பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 146-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. பையன் ஆறாம் வகுப்புக்குப் போய், கட்டணம் ஏறி, வேன் 1,500-லிருந்து 2,200 ஆகும்போது, வக்கீல் முதலில் கேட்கப்போவது அந்தக் கவரைத்தான்.